இருபத்துநாலு குதிரையும் ஒரு லோடரும்

சங்கரசுப்பிரமணியன் வருவாய்த் துறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மண்ணை அளந்திருக்கிறார், மண்ணுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார், மண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு கூடை மண்ணைத் தூக்கியதில்லை.

வீடு சங்கரன்கோவிலில். மேலநீலிதநல்லூருக்குத் தெற்கே நான்கு ஏக்கர் எலுமிச்சை. மரங்களுக்கு நடுவே நுழைந்து திரும்புவதற்கென்று இருபத்துநாலு குதிரைத்திறனில் ஒரு சின்ன டிராக்டர் வாங்கியிருந்தார். அது சின்ன வண்டி என்பது, சிவகிரியிலிருந்து அவருடைய மைத்துனன் ராம்சங்கர் வந்து நிற்கும்வரை அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

ராம்சங்கர் பெரிய வண்டி வைத்திருந்தான். அதன் முகத்தில் லோடர் மாட்டியிருந்தான். இரண்டு இரும்புக் கைகள், நுனியில் ஒரு வாளி. மண்ணைக் கோரித் தூக்கி டிரெய்லரில் கொட்டிவிடும். அத்தானின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"என்னத்தான், முன்னால ஒண்ணையும் காணோம்? மூக்கறுத்த மாதிரில்லா இருக்கு."

"எனக்கு அதெல்லாம் எதுக்குடே?"

"சரிதான். பிள்ளைய வெளையாட்டுச் சாமானுக்கு எதுக்கு லோடரு!"

அன்று மதியம் சங்கரசுப்பிரமணியனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பயிர் காய்ந்தபோதெல்லாம் நன்றாக இறங்கிய சோறு அது.

குளத்து வண்டல் மண்ணை அள்ளி எலுமிச்சை மூட்டில் போட அவருக்கு இருபது நாள் அனுமதி கிடைத்திருந்தது. நெல்லையம்மாளும் இன்னும் நான்கு பெண்களும் மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் அள்ளி, சுமந்து வந்து, தலைக்கு மேலே தூக்கி டிரெய்லருக்குள் கொட்டுவார்கள். நெல்லையம்மாளுக்கு ஐம்பது வயது. புருஷன் இல்லை. போன மழைக்காலத்தில் வரப்பில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் பிசகி, கை தோள் மட்டத்துக்கு மேல் எழும்ப மறுத்துவிட்டது. வெட்டுவாள், அள்ளுவாள், சுமப்பாள். கடைசி ஒன்றரை அடிதான் முடியாது.

அந்த ஒன்றரை அடியை டிரைவர் தாவீது பார்த்துக்கொண்டான். அவள் டிரெய்லர் ஓரம் வரும்போது மேலிருந்து குனிந்து கூடையை வாங்கிக் கொட்டிவிட்டு, வெறுங்கூடையைத் திருப்பிக் கொடுப்பான். மற்றப் பெண்கள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். வெளியே தெரிந்தால் அவளுக்கு இந்த வேலை போய்விடும், இந்த வயதில் வேறு யாரும் கூப்பிடவும் மாட்டார்கள் என்று அத்தனை பேருக்கும் தெரியும். படித்தவர்கள் சட்டம் போட்டும் செய்யத் திணறுகிற காரியத்தை அந்த ஆறு பேரும் வாய் திறக்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் குடை பிடித்துக்கொண்டு வந்த சங்கரசுப்பிரமணியன் கண்ணில் இது பட்டுவிட்டது.

"ஏலே தாவீது, சம்பளம் வண்டி ஓட்டவா, கூடை தூக்கவா?"

"சும்மாதான நிக்கேன் சார்."

"அவளுக்கென்ன, கை இல்லியா?"

நெல்லையம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "இருக்குய்யா. கொஞ்சம் மேல போவ மாட்டேங்கு."

"மேல போகாத கைக்கு இங்கன என்ன வேலை?" என்றார். சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் தெளிந்தது. வேண்டும் என்று ஆசைப்பட்ட பொருளுக்குக் காரணம் கிடைத்துவிட்டால் சிலருக்கு அப்படித்தான் முகம் தெளியும். "லோடர் ஒண்ணு மாட்டிட்டா இந்தத் தொல்லையே கிடையாது. ஒருத்தரும் வேண்டாம்."

அன்றிலிருந்து நெல்லையம்மாள் ஒவ்வொரு கூடையையும் கடைசிக் கூடை என்றே சுமந்தாள்.

பழக்கம் விடாது. சங்கரசுப்பிரமணியன் ஒரு கோப்பு போட்டார். மேலே 'சிறு டிராக்டருக்கு லோடர் தேவையா: பரிசீலனை' என்று எழுதி அடிக்கோடு இட்டார். ராஜபாளையத்து வியாபாரி ஒருவரிடம் போனில் கேட்டார். தாராளமாக மாட்டலாம் என்றார் அவர். விற்கிறவரிடம் கேட்டால் வேறென்ன சொல்வார்? மைத்துனனிடம் கேட்டார். கூட வேலை பார்த்த இரண்டு பேரிடம் கேட்டார். அவர்கள் வீட்டில் பூச்செடிக்குக்கூட மண் அள்ளியதில்லை. எல்லாவற்றையும் வரிசை எண் போட்டுப் பதிந்தார். மண் வெட்டுகிற ஐந்து பெண்களுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் அந்தக் கோப்பில் வரிசை எண் இல்லை.

தாவீது தானாகவே வந்து சொன்னான். "சார், நம்ம வண்டி முன்னச்சு அந்தக் கனத்துக்குச் செஞ்சதில்ல. வாளி நெறஞ்சா பாரம் பூரா முன்னால வந்துரும், பின் சக்கரம் கெளம்பிரும். தோட்டத்துக்குள்ளயும் திரும்ப முடியாது, கொப்பெல்லாம் தாழக் கெடக்கு."

"நீ டிரைவர். ஓட்டு."

அவருடைய மனைவி ராஜராஜேஸ்வரி மட்டும் விடவில்லை. "வருஷத்துல இருபது நாள் மண்ணடிக்கதுக்கு மிச்ச நாளெல்லாம் அந்த இரும்பச் சொமந்துக்கிட்டுத் திரியணுமா? மாப்பிள்ள முறுக்குக்கு மீச வச்சாப் போதாதா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நான் அம்பாள்கிட்டயே கேட்டுட்டு வாரேன்."

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனார். எங்கள் பக்கத்தில் மனம் இரண்டுபட்டால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒன்றுபோல் இலையில் கட்டி அம்மன் முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் விட்டுவிட வேண்டும். பெண்ணைக் கொடுக்கலாமா, ஆபரேஷன் செய்யலாமா என்று கலங்கி நிற்கிறவர்கள் கண்ணீரோடு கேட்கிற கேள்விமுறை அது. அங்கே கோமதியம்மன் முன்னால் இவர் லோடரை வைத்தார். பிரித்த பொட்டலத்தில் மல்லிகை மணத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தார்.

"வெள்ளப் பூ! அம்பாளே உத்தரவு குடுத்துட்டா."

ராஜராஜேஸ்வரி பிரசாதப் பையை வாங்கி விபூதியை எடுத்தாள். அடியில் பிரிக்காத இன்னொரு பொட்டலம் கிடந்தது. பிரித்தாள். அதிலும் மல்லிகை.

அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"செவ்வரளி கிடைக்கல," என்றார் அவர்.

"எங்க? சங்கரன்கோவில்லயா? ஊரு பூராவும் பூவு. இவுகளுக்குச் செவ்வரளி கெடைக்கலியாம்." பொட்டலத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். "ஆபீஸ்ல எழுதுன மாதிரி அம்பாளுக்கும் பதில நீங்களே எழுதிக் குடுத்துட்டு வந்துட்டீய. அவ கையெழுத்து மட்டுந்தான் போடணும், என்ன?"

அம்பாள் இப்படிப்பட்ட அற்பத்தனத்துக்கெல்லாம் கோபித்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்குப் பிள்ளைகள் அதிகம், பொறுமையும் அதிகம். ஆனால் இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூவைக் கட்டுகிறவன் அவளை ஏமாற்றுவதில்லை. கேட்க வாய்த்த ஒரு கேள்வியைக் கேட்காமலே வீடு திரும்புகிறான், அவ்வளவுதான்.

வியாபாரி, இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று ஒரு லோடரை அனுப்பிவைத்தார். ஒன்பதாம் நாள் காலை குளத்துக்குள் விழாபோல் இருந்தது. லோடருக்கு மாலை போட்டு, சந்தனம் தடவி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ராம்சங்கரை அவனுடைய பெரிய வண்டியிலேயே வரச் சொல்லியிருந்தார் சங்கரசுப்பிரமணியன். ராஜராஜேஸ்வரி எல்லோருக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஐந்து பெண்களும் மண்வெட்டியைத் தரையில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

"சார், பின்னால நாலு மணல் மூட்டையாவது கட்டிக்கிடுவோம். எடைக்கு எடை," என்றான் தாவீது.

"போட்டோ எடுக்கணும்டே. மூட்டையும் முடிச்சுமா, சந்தைக்குப் போற வண்டி மாதிரி. வேண்டாம்."

தாவீது நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினான். வாளி வண்டலில் இறங்கிக் கோரியது. நிறைந்தது. சங்கரசுப்பிரமணியன் போனை உயர்த்திப் பிடித்தார். வாளி ஓர் ஆள் உயரம் எழும்பியதும் பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டன. வண்டி முன்னுக்குக் கவிழ்கிற மாடுபோல மூக்கை நிலத்தில் குத்தியது. முன் சக்கரங்கள் ஈர வண்டலுக்குள் அச்சு வரை புதைந்தன. தாவீது குதித்துவிட்டான். நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கியது நெல்லையம்மாள். இடது கையால்.

"அத்தான்," என்றான் ராம்சங்கர், சிரிப்பில் இருமிக்கொண்டே, "ஒங்க வண்டி தெண்டனிட்டு நமஸ்காரம் பண்ணுது. ஆசீர்வாதம் பண்ணுங்க."

பிறகு தன் பெரிய வண்டியில் சங்கிலி கட்டி, லோடரோடு சேர்த்து இழுத்துப் போட்டான். அதற்குள் மதியமாகிவிட்டது. லோடரைக் கழற்றி வைத்தார்கள். மாலை அதன் கழுத்திலேயே கிடந்தது.

அவமானப்பட்டவன் தன்னைவிடப் பெரியவன்மேல் அதைக் காட்டுவதில்லை. சங்கரசுப்பிரமணியன் பெண்கள் பக்கம் திரும்பினார். "இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு. நாளைக்கு ராயகிரியிலேர்ந்து நாலு ஆம்பிளையாளக் கூட்டிட்டு வாரேன். கை தூக்க முடியாத ஆளெல்லாம் வீட்ல இருக்கட்டும்."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. நெல்லையம்மாள் தன் கூடையை எடுத்து மண்ணைத் தட்டினாள். போகப் போகிறவளின் தட்டல் அது.

அப்போது ராஜராஜேஸ்வரி புளியோதரைத் தூக்கை மூடிவிட்டு எழுந்து வந்தாள். "ஏட்டி நெல்லையம்மா, நில்லு. இங்க எல்லாரும் பேசியாச்சு. நீ சொல்லு, இந்த மண்ண எப்படி ஏத்தலாம்?"

இருபத்தைந்து வருஷமாக அந்தக் குளத்தில் மண் சுமந்தவளிடம் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் முதலில் நம்பவில்லை. ராம்சங்கரைப் பார்த்தாள், ஐயாவைப் பார்த்தாள், பிறகு கை நீட்டினாள். பக்கத்து ஊர்க்காரர்கள் இயந்திரம் வைத்து வெட்டிக்கொண்டு போன பெரிய பள்ளம் ஒன்று இருபது அடி தள்ளிக் கிடந்தது.

"டிரெய்லர அந்தக் குழிக்குள்ள விட்டா என்னம்மா? ஒரு பக்கம் சரிவா வெட்டிவிட்டா வண்டி எறங்கிரும். நாங்க மேல கரையில நின்னு வெட்டி அப்படியே சரிச்சு விட்டுருவோம். எதுக்குத் தலைக்கு மேல தூக்கணும்?"

தாவீது பள்ளத்தின் ஓரம் போய் நின்று பார்த்தான். காலால் தரையை மிதித்துப் பார்த்தான். "ஏறிரும் சார். முழு லோடு வேண்டாம், முக்கால் லோடு போட்டா நம்ம வண்டியே இழுத்துரும். யக்கா, அடியில மட்டும் கொஞ்சம் கல்லு பரத்தணும்."

"இத ஏன் முன்னயே சொல்லல?" என்று அதட்டினார் சங்கரசுப்பிரமணியன்.

"எவரு கேட்டீய?" என்றாள் நெல்லையம்மாள்.

ராம்சங்கர் மறுபடி சிரித்தான். "என்ன லோடருடே இது! டீசலே குடிக்காது போலிருக்கே." அவனைப் பார்த்து ராஜராஜேஸ்வரி, "நீயும் ஒரு மண்வெட்டிய எடு. சிரிச்ச வாய்க்குக் கொஞ்சம் வேலை வேணும்," என்றாள். அவன் எடுத்தான். அவனுக்கும் பழக்கமில்லை என்பது நாலாவது வெட்டில் தெரிந்தது. ஆனாலும் சரிவு முடியும்வரை நின்று வெட்டினான். அதை நான் குறைத்துச் சொல்லக் கூடாது.

மறுநாள் ராயகிரியிலிருந்து யாரும் வரவில்லை, அவர் யாரையும் கூப்பிடவுமில்லை. டிரெய்லர் பள்ளத்துக்குள் நின்றது. அதன் விளிம்பு பெண்களின் கணுக்கால் உயரத்தில் இருந்தது. கூடைகள் கீழ்நோக்கிச் சரிந்தன. மதியத்துக்குள் முந்தின நாட்களைவிட இரண்டு நடை கூடுதலாகப் போயிற்று.

சங்கரசுப்பிரமணியன் கரையில் குடைக்கடியில் நின்று, கூட வேலை பார்த்த ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "லோடரத் திருப்பி அனுப்பிட்டேன்வே. எல்லாத்தையும் பரிசீலிச்சுப் பார்த்தேன். சின்ன வண்டிக்கு அது தேவையில்ல. நான் வேற ஒரு முறை வச்சிருக்கேன்... ஆமா, நம்ம ஐடியாதான்."

மண்வெட்டிகள் ஒரு கணம் நின்றன. ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வெட்டத் தொடங்கினார்கள். அந்தப் பொய்யை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவரிடம் வேறு என்ன இருந்தது?

போனை வைத்துவிட்டு அவர் திரும்பினார். நெல்லையம்மாள் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"தோள் எப்படி இருக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்தத் தோளு?"

அவருக்குத் தெரியவில்லை. இடது என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டார். அவள் சரித்த கூடை கைநழுவி மண்ணோடு டிரெய்லருக்குள் விழுந்தது. தாவீது அப்பால் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான்.

"வேட்டியில மண்ணு படும். தள்ளி நில்லுங்கய்யா, நான் எடுத்துக்கிடுதேன்," என்றாள்.

அவர் தள்ளி நிற்கவில்லை. குடையை மடக்கிக் கரையில் வைத்துவிட்டு, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, விகாரமாகக் குனிந்து கூடையை எட்டி எடுத்தார். வெறுங்கூடைதான். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. அவளுடைய இடது கைக்கு நீட்டினார்.

"வலதுல்லாய்யா நோவு," என்றாள் அவள், வாங்கிக்கொண்டே. "சரியாத்தான் நீட்டுதீய."