யாரும் சொல்லாத மூன்று நாள்

வேலூரில் இரண்டு நாள் பயிற்சியை முடித்துக்கொண்டு அம்பிகா தன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய காலையில், பச்சிளங்குழந்தை வார்டில் பதினாலு குழந்தைகள் இருந்தன. நர்ஸ் இரண்டே பேர், அவளும் ஸ்வேதாவும்.

பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பயிற்சி. உட்கார வைத்துப் பேசுங்கள், கெட்ட சேதியை வாசலில் நின்று சொல்லாதீர்கள் என்றார்கள். அம்பிகாவுக்குத் தாய் வேஷம் கொடுத்தார்கள். மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு அவள் அழுவதுபோல நடித்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வார்டு வாசலில் நவநீதன் நின்றிருந்தான். ஆம்பூர்த் தோல் கம்பெனியில் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துப் போடுகிற ஆள். மனைவி பூரணிக்கு ஏழாம் மாதமே ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை உள்ளே இருந்தது. தொள்ளாயிரம் கிராம்.

"சிஸ்டர், பாப்பா எப்டிக்குது? மூணு நாளா யாரும் ஒண்ணும் சொல்லல."

"வெளிய நில்லுங்க. டாக்டர் சொல்வாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சொல்லக் கூடாது என்று பயிற்சியில் போர்டில் எழுதிக் காட்டிய வாசகம் அது. உள்ளே ஏதோ ஒரு மெஷின் கத்தியது. அவள் போய்விட்டாள்.

பதினொன்றரைக்கு அந்தக் குழந்தையின் மூச்சுக்குழாயில் ரத்தம் வந்தது. டாக்டரும் அம்பிகாவும் நாற்பது நிமிடம் போராடினார்கள். இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தி அழுத்தி அம்பிகாவின் கை மரத்துப்போனது. குழந்தை பிழைக்கவில்லை. அதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். "நான் வந்து சொல்றேன், அதுவரைக்கும் யாரும் பேசாதீங்க" என்று டாக்டர் ஓடினார். அம்பிகா குழாய்களைக் கழற்றி, பஞ்சை நனைத்துக் குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

ஸ்வேதா ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான். டாக்டர் சொன்னது அவள் காதில் விழவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

"பூரணி பேபி யாரு? எக்ஸ்பைர் ஆயிடுச்சி. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

கம்பெனியில் கெமிக்கல் கேன்மேல் ஒட்டிய சீட்டில்தான் நவநீதன் எக்ஸ்பைர் என்ற சொல்லைப் பார்த்திருந்தான். "இன்னா சொன்ன?" என்றான். அவள் பேனாவை நீட்டினாள்.

அவன் ஸ்வேதாவின் கொண்டையைப் பிடித்து முகத்தைக் கதவில் மோதினான். முதல் அடியில் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் கண்ணாடி உடைந்தது. அவளைத் தரையில் தள்ளிவிட்டு அவன் உள்ளே வந்தான். கையில் கிடைத்த சலைன் ஸ்டாண்டைத் தூக்கி வீசினான். ஒரு குழந்தையின் தலைக்கு நாலு விரல் தள்ளி அது விழுந்தது. குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டன.

அம்பிகா யோசிக்கவில்லை. ஸ்டீல் டிரேயை இரண்டு கையாலும் ஓங்கி அவன் வாயில் அடித்தாள். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. அவன் இரும்பு ஸ்டூலைத் தூக்கினான். அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

தரையில் சரிந்தபடியே சொன்னாள். "உங்க பொண்ணு செத்துடுச்சிங்க. நான்தான் கூட இருந்தேன். காப்பாத்த முடியல."

அவன் அவள் விலாவில் உதைத்தான். பிறகு இன்னொரு முறை.

செக்யூரிட்டியும் வெளியே நின்றிருந்த மற்ற அப்பாக்கள் இரண்டு பேரும் பாய்ந்து அவனைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போனார்கள். ஒருவன் ஹெல்மெட்டால் அடித்தான். "எங்க புள்ளைங்களும் உள்ளதான்டா கீது" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். நவநீதன் கீழே விழுந்து காதில் ரத்தம் ஒழுகிய பிறகும் விடவில்லை. "போதும், செத்துடுவான்" என்று அம்பிகா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. செக்யூரிட்டிதான் கடைசியில் ஹெல்மெட்டைப் பிடுங்கினான்.

அப்போது பிரசவ வார்டிலிருந்து பூரணி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கியிருந்தாள். கீழே கிடந்த புருஷனைப் பார்த்தாள். அவனிடம் போகவில்லை.

"எம்புள்ள செத்துப்போச்சா?"

"ஆமாம்மா. உக்காரு."

ஸ்டூல் கால் வளைந்து கிடந்தது. உட்கார வேறு ஒன்றுமில்லை. அம்பிகா காலால் கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கிவிட்டு அவளைத் தரையில் உட்கார வைத்தாள். ஒரு கையால் குழந்தையைத் துணியோடு எடுத்துவந்து அவள் மடியில் கிடத்தி, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பூரணி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"பால் குடிச்சிச்சா சிஸ்டர்?"

"நேத்து ரெண்டு மில்லி குடுத்ததா எழுதியிருக்காங்க. உன் பால்தான்."

அதற்குப் பிறகு பூரணி அழுத அழுகையில், போலீஸ் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மாவுக்கட்டு போட்ட கையோடு அம்பிகா வாக்குமூலம் சொன்னாள். மேற்பார்வையாளர் சவுரியம்மாள் பக்கத்தில் நின்றார். "அடிச்சத மட்டும் சொல்லு. ஸ்வேதா இன்னா சொன்னான்றதெல்லாம் வேணாம். அந்தப் பொண்ணு வேலை போயிடும்."

அம்பிகா அடித்ததை முழுக்கச் சொன்னாள். அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு, மூன்று நாளாக அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், காலையில் தானும் அப்படித்தான் விரட்டினதாகவும், கடைசியில் வாசலில் வைத்து என்ன சொல்லப்பட்டது என்றும் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதையும் எழுதணுமா?"

"எழுதுங்க சார்."

நவநீதனை ரிமாண்டில் வைத்தார்கள். ஸ்வேதாவின் ஒப்பந்தத்தை அந்த மாதத்தோடு முடித்துவிட்டார்கள். மூக்கில் கட்டோடு சான்றிதழ்களை வாங்க வந்தவள், அம்பிகாவின் எதிரே வந்து நின்றாள்.

"என்னை மாட்டி விட்டுட்டீங்க இல்லக்கா?"

"என்னையும் சேத்துதான் சொன்னேன்."

"உங்க வேலை போகலியே."

ஸ்வேதா சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.