ஆள் வாடை

எங்கள் வீட்டில் யாருமே வசிக்கவில்லை என்று காட்ட எனக்கு மூன்று நாள் பிடித்தது. முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டிய வீடு. விற்பனை விளம்பரத்துக்குப் படம் எடுக்க வெள்ளிக்கிழமை காலை ஆள் வருவதாகவும், அதற்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிட வேண்டும் என்றும் புரோக்கர் சொல்லியிருந்தார். கொலை செய்தவன்கூட இவ்வளவு அக்கறையாகத் தடயத்தை அழிக்க மாட்டான்.

"ஆள் வாடையே இருக்கக் கூடாதும்மா," என்றார் புரோக்கர். "வாங்க வர்றவன் படத்த பாத்ததும் இது தன் வீடுன்னு நெனைக்கணும். உங்க மாத்திர, உங்க செருப்பு, உங்க மூஞ்சி தெரிஞ்சா அடுத்தவன் வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி கூச்சப்பட்டு ஓடிருவான்."

என் மூஞ்சியைப் பார்த்து ஓடியவர்கள் இதுவரை யாரும் இல்லை. ஆனால் அவரிடம் வாய் கொடுத்து ஆவதென்ன? காலண்டரைக் கழற்றினேன். பல் பிரஷ்களை ஷூவுக்குள் போட்டேன். என் கணவரின் முழங்கால் தைலம், வெந்நீர் பை, அவர் எதற்கென்றே தெரியாமல் சேர்த்து வைத்திருந்த நாற்பது காலி டப்பா, எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. கட்டில் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி நின்றது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அதை இங்க வை, இதை அங்க வை" என்று ஆட்சி நடத்தினார். உட்கார்ந்த இடத்திலிருந்து வேலை வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

விற்பதற்குக் காரணம் அந்த முழங்கால்தான். நாங்கள் இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த வருஷம் மட்டும் இரண்டு முறை படியில் உருண்டுவிட்டார். தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு பார்த்தாகிவிட்டது. விற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். எங்கள் மகள் திரும்பி வந்தால் எங்கே வருவாள்?

அவளை நாங்கள் டமாரம் என்றுதான் கூப்பிடுவோம். அவள் கீழே வாசலில் பேசினால் மேலே எனக்குக் கேட்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால், அப்பா அலையாய் அலைந்து வாங்கிக் கொடுத்த வேலையை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டு வந்து நின்றாள். பேச்சு தடித்தது. "இந்த வாசப்படிய இனிமே மிதிக்காத" என்றார். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், இன்றுவரை மிதிக்கவில்லை. அந்த வாரமே அவர் வீட்டுக்கே ஒன்றாக இருந்த என் போனைப் பிடுங்கி சிம்மை ஒடித்துப் போட்டார். புது நம்பர் வந்தது. அவள் நம்பரும் மாறிவிட்டது. அவளுடைய சிநேகிதிகளைத் தேடிப் போய் விசாரித்தேன், ஒருத்திக்கும் தெரியவில்லை. எங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இந்த விலாசம் ஒன்றுதான். வீடு கைமாறினால் அதுவும் போய்விடும். ஒரு நாள் வந்து கதவைத் தட்டுவாள், யாரோ ஒருத்தி திறந்து "யாருங்க வேணும்?" என்பாள்.

இவரிடம் சொன்னால் காது கேட்காதவர்போல எழுந்து குளியலறைக்குப் போய்விடுவார். அவள் பேச்சை எடுத்தாலே அவருக்கு எங்கிருந்தோ அவசரம் வந்துவிடும்.

எனக்கு வழி காட்டியது புரோக்கர்தான், அவருக்கே தெரியாமல். தன் போனில் விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "உலகத்துல எந்த மூலையில இருந்தும் பாக்கலாம்மா. வாங்குறவன் பத்து பேர்னா, சும்மா பொழுது போகாம பாக்கறவங்க ஆயிரம் பேர்" என்றார். எங்கள் டமாரம் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வந்ததும் வீட்டு விளம்பரப் பக்கத்தை விரித்துக்கொண்டு மாடி முழுக்கக் கேட்க வாசிப்பாள். "மூணு பெட்ரூம்! ரெண்டு பாத்ரூம்! வாங்கிரலாமாப்பா?" என்பாள். அப்பாவும் முகத்தைச் சுருக்கி யோசித்துவிட்டு, "பாத்ரூம் பத்தாது" என்பார். அந்தப் பைத்தியம் அவளை விட்டிருக்காது. எங்கோ உட்கார்ந்து இப்போதும் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கண்ணில் எங்கள் வீடு படவேண்டும். பட்டால் மட்டும் போதாது, இது நம் வீடு என்று அடையாளம் தெரிய வேண்டும். ஊரில் இருக்கும் எல்லா வெள்ளைச் சுவரும் ஒரே மாதிரிதானே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போட்டோக்காரர் வந்தார். மூன்று கால் ஸ்டாண்டை அறை மூலையில் நிறுத்தி, பகலிலேயே எல்லா விளக்கையும் போட்டு, திரைகளை ஒதுக்கி, கழிப்பறை மூடியை மூடி, ஒவ்வொரு கதவையும் ஒரே அளவுக்குத் திறந்து வைத்து எடுத்தார். கேமராவில் காட்டினார். எங்கள் ஹாலில் பந்து விளையாடலாம்போல இருந்தது. அவர் படுக்கையறைக்குப் போவதற்கு முன் நான் ஓடிப்போய் அவளுடைய ஊதா நிறப் பள்ளிக்கூடப் பையைக் கதவுக் கொக்கியில் மாட்டினேன். அவர் மரியாதையாக எடுத்து வெளியே வைத்தார். நான் உள்ளே போய் மறுபடி மாட்டினேன். அவர் மறுபடி எடுத்தார். இப்படியே நாலு தடவை நடந்தது.

"என்னடி வெளையாட்டு இது?" என்று கத்தினார் என் கணவர். "அந்தாளு வேல செய்யட்டும், சும்மா இரு."

சமையலறையில் வைத்து நான் போட்டோக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"தம்பி, ஒரே ஒரு படத்துல அந்தப் பை இருக்கட்டும்ப்பா. என் பொண்ணுக்காகத்தான் கேக்கறேன்."

"நான் விட்டாலும் பிரயோஜனம் இல்லைம்மா," என்றார். அவர் குரலில் எரிச்சல் இல்லை. "ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல அழிச்சிருவாங்க. சுவத்துல இருக்கற ஆணியக்கூட அழிக்கறாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஓசைப்படாமல் அழுதேன். புரோக்கர் வந்து, சிங்க் ஈரமாக இருந்தால் படத்தில் அழுக்காகத் தெரியும் என்று துடைக்கச் சொன்னார். துடைத்தேன்.

போகும்போது அவர் ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன அறை என்று எழுதித் தர வேண்டுமாம். ஹால், பெரிய பெட்ரூம், சின்ன பெட்ரூம், கிச்சன். அடுத்த படம் சமையலறையை ஒட்டிய சின்னஞ்சிறு அறை. இரண்டு நாற்காலி போட்டால் நிரம்பிவிடும். அதற்கு உலகம் என்ன பெயர் வைத்திருக்கிறதோ, எங்கள் வீட்டில் அது உர் ரூம். கோபம் வந்தவர்கள் போய் உர்ரென்று உட்காரும் இடம். டமாரம் நாலு வயதில் வைத்த பெயர். அவள் போன பிறகு அதில் அதிகம் உட்கார்ந்தவர் இவர்தான்.

பொருளை அழிக்கலாம், எழுத்தை எதற்கு அழிக்கப்போகிறார்கள்? இவர் கைத்தடியின் சத்தம் பின்னால் கேட்டது. அவசர அவசரமாக உர் ரூம் என்று எழுதி, தாளை மடித்துப் புரோக்கர் கையில் திணித்தேன். அந்தப் பதற்றத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் விளம்பரம் வந்தது. இவர்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். வீடு ஆஸ்பத்திரிபோலப் பளிச்சென்று இருந்தது.

"உர ரூமா?" என்றார். "நாலாவது மாடியில உரம் வைக்கறதுக்கு ரூமா? எந்த முட்டாள் எழுதினான் இத?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த அறையின் சின்ன ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவருக்கு அவசரம் எதுவும் வரவில்லை. குளியலறைக்குப் போகாமல் உர் ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. புள்ளியைத் திருத்தச் சொல்லி நான் புரோக்கருக்கு மூன்று தடவை போன் செய்தேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்.

புதன்கிழமை மத்தியானம் அவரே கூப்பிட்டார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவேன். இவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"நல்லா போயிட்டிருக்கும்மா, இன்னிக்கு மட்டும் பதினாறு போன். ஆனா உங்க உர ரூம்தான் பெரிய தமாஷ். முந்தாநாள் ஒரு பொண்ணு பேசுச்சு. வெலையும் கேக்கல, சதுர அடியும் கேக்கல. எடுத்த எடுப்புல, 'ஒரு புள்ளி விட்டுப்போச்சுங்க, அது உர் ரூம்'னு ஒரே சிரிப்பு. எப்பா, என்னா சத்தம்! காது சவ்வு கிழிஞ்சிரும்போல."

"நம்பர்," என்றேன். "நம்பர் குடுங்க."

"நம்பர் வரலையேம்மா. மறைச்சுல்ல வச்சிருக்கு."

"வேற என்ன கேட்டா? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"அங்க இருந்தவங்க எங்கன்னு கேட்டுச்சு. வீட்டுல யாரும் இல்லைங்க, காலின்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தாம்மா சொல்லுவோம், காலின்னாத்தான் சட்டுனு போகும். உடனே, 'ரெண்டு பேருமே இல்லையா?'ன்னு கேட்டுச்சு. ஆமாங்க, ரெண்டு பேருமே இல்லைன்னேன். அப்புறம் சத்தமே காணோம். லைன் கட்டாயிருச்சுபோலன்னு வச்சுட்டேன்."

அவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. நான் இவரைப் பார்த்தேன். அவர் உதடு கோணிக்கொண்டு துடித்தது.

"செத்துட்டோம்னு நெனச்சிட்டாளா?" என்றார். சின்னப் பையன் கேட்பதுபோலக் கேட்டார்.

அவரைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை. ஆறு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் வாயில் வந்தது. "வேற என்ன நெனைப்பா? செருப்பு இல்ல, துணி இல்ல, சுவத்துல ஆணிகூட இல்ல. கேட்டதுக்கு ரெண்டு பேரும் இல்லைன்னு பதிலு. எங்கயோ தனியா உக்காந்து அழுதிட்டிருக்கா உங்க பொண்ணு. நமக்காக அழுதிட்டிருக்கா. நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தைய முழுங்கியிருந்தா..."

அவர் எட்டி என் கையிலிருந்த போனை வாங்கினார்.

"விளம்பரத்த எடுக்காதீங்க," என்றார். "வீடு விக்குதோ இல்லையோ, அது அங்கயே கெடக்கணும். போட்டோக்காரர இப்பவே அனுப்புங்க. அந்தச் சின்ன ரூம்ல எங்க ரெண்டு பேரையும் எடுத்து மொத படமா போடணும்."

"சார், ஆள் இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க சார். நான் எதுக்கு சொல்றேன்னா..."

"வாங்க வேணாம். நான் நாலு மாடியும் தவழ்ந்து ஏறிக்கறேன். எங்க நம்பரையும் பெருசா போடுங்க. மறுபடி அந்தப் பொண்ணு கூப்பிட்டா, இருக்காங்கன்னு சொல்லுங்க. அப்பா வரச் சொன்னார்னு சொல்லுங்க. என்ன, எழுதிக்கிட்டீங்களா? திருப்பிச் சொல்லுங்க."

புரோக்கர் திருப்பிச் சொன்னார். இவர் இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

மூன்று மணிக்குப் போட்டோக்காரர் மூச்சு வாங்க ஏறி வந்தார். ஸ்டாண்டை அந்த அறைக்குள் வைக்க இடமில்லாமல் சமையலறையிலிருந்தே எடுப்பதாகச் சொன்னார். நாங்கள் இரண்டு நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். அவள் மறுபடி ஏன் பார்க்கப்போகிறாள்? செத்தவர்களின் வீட்டை யார் இரண்டாவது தடவை தேடிப் பார்ப்பார்கள்? இதை இவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்துதான் இருந்தது, சட்டைப் பொத்தானை மூன்று தடவை தப்பாகப் போட்டார்.

போட்டோக்காரர் விளக்கைப் போட்டார். இவர் தலையை வாரிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, என் பக்கம் திரும்பினார்.

"சிரிக்கணுமாடி?"

"கண்ண மூடாம இருங்க," என்றேன். "அது போதும்."