மூச்சு முட்டிய மோட்டார்

நல்லேப்பிள்ளி பெரியமுத்துக் கவுண்டரின் மோட்டார் வண்டியை வாளையார் மேட்டில் மாடு கட்டி இழுத்தார்கள். வேறு யாருடைய மாடுகளாவது இழுத்திருந்தால் கவுண்டர் அதை மறந்திருப்பார். இழுத்தவை தங்கை புருஷன் பழனிச்சாமியின் மயிலைக் காளைகள். அதுதான் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது.

அன்று தங்கை முத்தாத்தாளின் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் முன்கூட்டியே போய் நிற்க வேண்டிய நாள். மேட்டில் ஏறும்போது வண்டி இருமியது, கறுகறுவென்று புகைந்தது, நின்றுவிட்டது. சேதி போனதும் பழனிச்சாமி தானே காளைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். கழுத்துச் சலங்கையைக்கூட அவிழ்க்கவில்லை.

"ஏனுங்க மச்சான், மோட்டாருக்குத் தவிடு புண்ணாக்கு வெச்சீங்களா? பசியில நின்னுபோச்சாட்ட இருக்குது."

கூட வந்த உறவுக்கூட்டம் முழுவதும் சிரித்தது. கவுண்டர் வண்டிக்குள் முதுகு வளையாமல் உட்கார்ந்தபடியே மூன்று மைல் இழுபட்டுப் போனார். சபையில் வெற்றிலை மாற்றி முடிந்ததும் எழுந்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"கண்ணாலத்துக்கு மாமன் சீரு இதே மோட்டார்ல வரும். மாடு கட்டாம வரும். வராட்டி நான் இந்த வாசப்படி மிதிக்கறதில்ல."

சொன்னவருக்கு அது சாதாரணமாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி மருதாத்தாளுக்கு அப்படி இல்லை. மாமன் வந்து நிற்காமல் பெண் மணவறை ஏறுவது எப்படி? சொன்ன சொல்லை அவர் இதுவரை திரும்ப வாங்கியதும் இல்லை.

அந்த மோட்டார் புதிது அல்ல. ஆறு மாதத்துக்கு முன் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது அவரிடம் வாங்கியது. மலையிலிருந்து அதை ஓட்டி வந்து ஒப்படைத்தவர் தோட்டத்து மிசின்காரர் பாஸ்கல். கவுண்டர் அவருக்குத்தான் கடுதாசி போட்டார். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் பாஸ்கல் தோல் பையோடு வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயது, கழுத்துக் கயிற்றில் சின்னச் சிலுவை, நகக்கண்ணில் என்றைக்கும் போகாத எண்ணெய்க் கறுப்பு.

களத்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, மரையாணிகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுக் கழற்றினார். காற்றும் பெட்ரோலும் கலந்து எஞ்சினுக்குள் போகிற வளைந்த இரும்புக் குழாய் கையோடு வந்தது. அதன் வாயில் கை விரலே நுழையவில்லை. கரி அடையாக அப்பியிருந்தது.

"மூச்சே இல்லீங்கய்யா. ஊதிப் பாத்தா காத்து போவ மாட்டேங்குது."

"நல்ல இரும்புக் கொழாய்ல காத்து போகாதா? இப்படிக் கொண்டா," என்று கவுண்டர் வாங்கித் தாமே வாயை வைத்து ஊதினார். ஊதிய காற்று அவர் முகத்துக்கே திரும்பியது. நரைத்த மீசையில் பாதி கறுத்துவிட்டது.

"பரவால்லீங்க, இருவது வயசு கொறஞ்சு போச்சு," என்றாள் மருதாத்தாள், மோர்ச் செம்போடு வந்தவள். பாஸ்கல் அவசரமாகக் குனிந்து பைக்குள் எதையோ தேடினார்.

கவுண்டர் துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, "நேராச் சொல்லு. தொரை கெட்ட வண்டிய எந் தலைல கட்டிப்புட்டாரா?" என்று கேட்டார். அது வெறும் கேள்வி அல்ல. ஆம் என்றால் அவர் ஏமாந்தவர் ஆவார். அவர் வீட்டில் அதுவரை யாரும் ஏமாந்ததில்லை.

பாஸ்கல் கரியை மூங்கில் சிம்பால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். "இல்லைங்கய்யா. பழைய கரின்னா கல்லு மாதிரி இருக்கும். இது மெழுகு மாதிரி நசுங்குது பாருங்க. ஆறு மாசத்துக் கரிதான். இங்க வந்தப்புறம் சேந்தது."

அப்படியானால் குற்றம் வீட்டுக்குள்ளேதான். கவுண்டரின் பார்வை டிரைவர் சோலையின் மேல் விழுந்தது. "என்றா பண்ணித் தொலைச்ச?"

சோலை கால் கட்டைவிரலைப் பார்த்தான். "நீங்க சொன்னபடிதானுங்க ஓட்டுறேன்," என்றதோடு சரி.

"கண்ணாலம் முடியட்டும். வேற ஆளு பாத்துக்கறேன்."

அன்று முழுவதும் வேலை நடந்தது. கரித்துகள் உள்ளே விழாமல் எஞ்சின் துளைகளை அடைக்க நூல் பிரியாத மெல்லிய துணி கேட்டார் பாஸ்கல். கவுண்டர் தாம் தலையில் சுற்றும் பழைய உருமாலையைக் கிழித்துக் கொடுத்தார். மற்றத் துணி மட்டம் என்பது அவர் எண்ணம். குழாயை அண்டாவில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டார்கள். நேரான பகுதி மூங்கில் சிம்புக்கு வழிவிட்டது. வளைவுக்குள் எதுவும் எட்டவில்லை. பாஸ்கல் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது மருதாத்தாள் உள்ளே போய்ப் பழைய மத்துக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டாள்.

"தேங்கா நாரை நடுவால கட்டி, அந்தப் பக்கம் ஒருத்தர் இந்தப் பக்கம் ஒருத்தர் இழுங்க. தயிர் கடையறாப்பல."

"நம்ம பேக்டரில இந்த ஆயுதம் இல்லைங்கம்மா," என்றார் பாஸ்கல். அவரும் சோலையும் எதிரெதிரே உட்கார்ந்து, நாரைச் சாம்பலில் புரட்டி இழுத்தார்கள். கறுப்புக் குழம்பு வழிந்துகொண்டே இருந்தது. கவுண்டர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு இழுப்பு விடாமல் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் குழாயைப் பெட்ரோலில் அலசி நீட்டினார் பாஸ்கல். கவுண்டர் இம்முறை முன்பக்கம் பின்பக்கம் பார்த்துவிட்டு ஊதினார். மறுமுனையில் பிடித்திருந்த பாஸ்கலின் உள்ளங்கையில் காற்று அடித்தது.

துளைகளில் அடைத்த துணிகளை ஒன்றுக்கு இரண்டு தரம் எண்ணி எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் எல்லாவற்றையும் பூட்டினார்கள். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்தது. சத்தம் சீராக இருந்தது. "ஒருதரம் ஊருக்குள்ள போயிட்டு வருவோம். எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க," என்றார் பாஸ்கல்.

சோலை ஓட்டினான். கவுண்டர் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய்க்கால் மதகில் இருந்தவர்கள் எழுந்து தோள் துண்டை எடுத்தார்கள். "மெதுவாடா," என்றார் கவுண்டர், கையை உயர்த்தி. சோலை வேகத்தைக் குறைத்து, வண்டி நின்றுவிடாமல் இருக்கப் பெட்ரோலைக் கூட்டும் கம்பியை இழுத்து விட்டான். அடுத்து நெல் தூற்றுகிறவர்கள். "மெதுவா." அடுத்து எண்ணெய்ச் செட்டியார் கடை. ஒரு கிழவர் தடியூன்றி நடந்து வண்டியைத் தாண்டிப் போனார். கோயில் அரை மைல்தான். போய்ச் சேர இருபது நிமிஷம் ஆயிற்று.

பாஸ்கல் தொண்டையைச் செருமினார். "ஐயா, கோவிச்சுக்கிடக் கூடாது. எப்பவும் இப்படித்தானா?"

"பின்னே? நாலு பேர் கும்பிட்டா பதிலுக்குக் கும்பிடாமப் போறது எங்க ஊட்டுப் பழக்கமில்ல. திருட்டுப்பய ஓடறாப்பல நான் எதுக்கு ஓடணும்?"

"வண்டிக்கு அது ஒத்துக்கிடாதுங்கய்யா. மாட்டு நடை நடந்தா பெட்ரோல் முழுசா எரியாது. சோலை அந்தக் கம்பிய வேற இழுத்தே வெச்சிருக்கார். எரியாத புகை திரும்பி வந்து மூச்சுக் குழாய்லயே அப்பிக்கிடுது. முப்பது மைல் வேகத்துல தெனமும் கொஞ்ச நேரம் ஓடுச்சுன்னா, சூட்டுல தன்னால சுத்தமாயிரும். மலையில அப்படித்தானே ஓடுச்சு? இப்படியே வாளையாருக்குப் போனீங்கன்னா..." அவர் முடிக்கவில்லை.

முடிக்க வேண்டியிருக்கவில்லை. கவுண்டரின் காதில் சலங்கை கேட்டது.

"நீ எதுக்குடா சொல்லல?" என்றார் சோலையிடம்.

"மெதுவாப் போன்னது நீங்கதானுங்களே. வேற ஆருன்னாலும் எதுத்துப் பேசியிருப்பனுங்க."

"வேற ஆளு பாக்கறேன்னு சொன்னனல்ல. அது கெடையாது. ஊட்டுக்கு உடு வண்டிய."

ஆனால் கும்பிட்டவர்களைத் தாண்டி விரைந்து போவது எப்படி? அதுவும் அவருக்கு மானக்கேடுதான். அன்று மாலை கவுண்டர் வெளுத்த வேட்டி கட்டி, உருமாலை சுற்றி, கால்நடையாகத் தெருவில் இறங்கினார். மதகில், களத்தில், செட்டியார் கடையில், ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று தாமே முதலில் கை குவித்தார்.

"நாளன்னைக்குக் காத்தால மோட்டார்ல போறப்ப என்னால நிக்க முடியாதுங்க. வேகமாப் போவேன். மருவாதி இல்லாமப் போறான்னு நெனைக்காதீங்க. அன்னைக்குப் போட வேண்டிய கும்புடு இது."

கவுண்டர் தம் கடைப்படிக்கு நடந்து வந்ததைச் செட்டியார் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சீர்த் தட்டுகளோடு வண்டி புறப்பட்டது. பாஸ்கலும் மருதாத்தாளும் பின்னால்; கவுண்டர் முதல்முறையாக முன்னால் சோலைக்குப் பக்கத்தில். நல்லேப்பிள்ளி எல்லை தாண்டியதும், "உடு," என்றார். சோலை விட்டான். மருதாத்தாள் ஒரு கையால் தேங்காய்த் தட்டையும் மறு கையால் பாஸ்கலின் பையையும் பிடித்துக்கொண்டு, "அப்பனே முருகா," என்று கத்தினாள். அரை மைல் போனதும், "இத்தனை நாளு இந்த ஓட்டத்த எங்கீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று சிரித்தாள்.

வாளையார் மேட்டில் பழனிச்சாமி காத்திருந்தார். மயிலைக் காளைகளுக்குக் கொம்பில் குஞ்சம் கட்டி, நுகத்தில் பூட்டி, இழுக்கக் கயிறும் தயாராக வைத்திருந்தார். மோட்டார் அவரை நோக்கி மேட்டில் ஏறியது. இருமவில்லை. புகையவில்லை. காற்று சீறிக் கவுண்டரின் உருமாலை அவிழ்ந்து பறந்தது.

"உருமாலைங்க! நிறுத்தட்டுங்களா?"

தலையில் துணி இல்லாமல் அவர் எந்தச் சபைக்கும் போனதில்லை. ஒரு கணம்தான் யோசித்தார்.

"நீ ஓட்டுடா!"

காளைகள் மிரண்டு ஒதுங்கின. பழனிச்சாமி புழுதிக்குள் மறைந்துபோனார்.

பழனிச்சாமி வீடு வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாசல் பந்தலின் கீழ் கவுண்டர், வெறும் தலையோடு, ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் பன்னீர்ச் செம்புமாக நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண் மாமனின் அருகிலேயே நின்றாள்.

"வாங்க மாப்ளே, வாங்க. தூரத்துல இருந்து வாறீங்க. காளைகளுக்குத் தவிடு புண்ணாக்கு வெச்சாச்சுங்களா?"

பந்தல் முழுவதும் சிரித்தது. பழனிச்சாமிதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். புருவத்துப் புழுதியைத் துடைத்துவிட்டு, மடியிலிருந்து எதையோ எடுத்து உதறினார். உருமாலை.

"எட்டிப் புடிச்சுக் குடுத்துப்போடலாம்னு பாத்தனுங்க மச்சான். மோட்டார் நிக்கவேயில்லியே. சித்தெக் குனியுங்க."

பெரியமுத்துக் கவுண்டர் குனிந்தார். சபை பார்க்க, தங்கை புருஷன் தம் கையாலேயே அதை அவர் தலையில் சுற்றி முடிந்தார்.