விக்கல் வண்டி

பேட்டை அக்காவிடம் பொய் சொல்லித் தப்பித்த டிரைவர் இன்னும் பிறக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் அந்த லாரிப்பேட்டையில் எந்த வண்டியின் எஞ்சினும் ஓடக்கூடாது. ராத்திரிக் காவல் அவள்தான். டார்ச்சோடு அவள் வருவதைப் பார்த்ததும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்து குறட்டை விடுவார்கள் சில மகாநடிகர்கள். அவள் நேராக வண்டிக்கு முன்னால் போவாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல வண்டியின் முன்தகட்டில் உள்ளங்கையை வைப்பாள். சூடு தெரிந்தால் கம்பால் கதவில் ஒரு தட்டு.

"ஏம்ப்பா, நீ நிம்மதியா தூங்குற, வண்டிக்கு மட்டும் காய்ச்சலா?"

சட்டம் ஒன்றும் அவள் போட்டதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பெரியவர் ஒருவர், புகையும் சத்தமும் தன்னைத் தூங்கவிடவில்லை என்று நகராட்சிக்கு எழுதி எழுதிக் கொண்டுவந்த சட்டம் அது. பேட்டைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மதில்காரர். அவர் புகாரால் இரண்டு தடவை அபராதம் கட்டிய பேட்டை முதலாளி, "இன்னொரு தடவை வந்துச்சுன்னா உனக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லம்மா, ரூமையும் காலி பண்ணிடு" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒற்றை அறைதான் அவளுக்கும் பள்ளிக்கூடம் போகிற மகளுக்கும் வீடு. அதை விட்டால் போக்கிடம் கிடையாது.

சட்டம் வருவதற்கு முன்னால் டிரைவர்களே தங்களுக்குள் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். புகைக்குழாயை அடுத்தவன் தலைமாட்டுக்கு நேராக நிறுத்தாதே. திரை இழுத்துவிட்ட வண்டியின் கதவைத் தட்டாதே, தூங்குகிறவன் பாவம். ஆனால் பனிக்காலத்தில் பக்கத்து வண்டியின் எஞ்சின் நடுராத்திரியில் திடீரென்று நின்றுபோனால் மட்டும், எத்தனை குளிரானாலும் இறங்கிப் போய்த் தட்டு. எஞ்சின் ஓடினால் உள்ளே ஹீட்டர் ஓடுகிறது, ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். நின்றால் என்னவோ ஏதோ. இப்போதோ எல்லா வண்டியும் நின்றுதான் கிடக்கிறது. யார் கதவை யார் தட்டுவது? சட்டம் எழுதினவன் இதை யோசித்திருப்பானா? அவன் மெத்தையில் படுத்துக்கொண்டு எழுதினவன்.

அந்த வருஷத்துப் பனி ஈவு இரக்கம் இல்லாத பனி. ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் அக்காவின் தம்பி லோடோடு வந்து சேர்ந்தான். கூடப்பிறந்த தம்பி. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவன் வந்தது பேட்டைக்கே தெரியும், ஏனென்றால் அவன் வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. டுக் டுக் டுக் டுக் என்று நன்றாகத்தான் ஓடும், நடுவில் ஒரு தடவை ஹிக் என்று விக்கும். எத்தனையோ மெக்கானிக் கை வைத்தும் தீரவில்லை. "உன் வண்டியை யாரோ நினைச்சுக்கிட்டே இருக்காங்கடா" என்று கேலி பண்ணுவார்கள். வண்டிக்குப் பெயரே விக்கல் வண்டி.

வண்டியை நிறுத்திவிட்டுத் தம்பி நேராக அவளிடம் வந்தான். நான்கைந்து டிரைவர்கள் சுற்றி நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் எஞ்சின் ஓடட்டும்க்கா. விரலெல்லாம் விறைச்சுப் போச்சு."

மற்றவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவர்களையும் அவள் அப்படித்தான் விரட்டியிருந்தாள்.

"ஊருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமாடா? ரூமுக்கு வந்து படு."

"லோடை விட்டுட்டு வந்தா ஓனர் தோலை உரிச்சிடுவான்."

"அப்ப என் கம்பளியை எடுத்துட்டுப் போ."

"வேணாம், நீயே வச்சுக்க. நான் உன் சட்டத்தையே போத்திக்கிட்டுப் படுத்துக்கிறேன்." நாலடி போனவன் திரும்பிப் பார்த்தான். "பயப்படாதே, ஓட்டமாட்டேன். உன் வேலைக்கு நான் உலை வைக்கமாட்டேன். சத்தியம்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூப்பிடவில்லை. கறார் என்று பெயர் எடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றுவதே ஒரு பிழைப்பாகிவிடுகிறது.

இரவுச் சுற்றில் எல்லா வண்டியும் குளிர்ந்து கிடந்தது. தம்பியின் வண்டியில் திரை இழுத்திருந்தது. தூங்கட்டும் என்று தட்டாமல் வந்து படுத்தாள்.

டுக் டுக் டுக் டுக். ஹிக்.

விழிப்பு வந்தபோது மகள் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. சத்தியம் பண்ணிவிட்டுப் போனானே படுபாவி! கம்பையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, மாட்டின கோட்டுக்குப் பித்தான்கூடப் போடாமல் வெளியே பாய்ந்தாள். மதில்காரர் எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

வரிசை வரிசையாக லாரிகள், எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பனி. ஒரு வண்டியிலும் அசைவில்லை. இத்தனை சத்தத்தில் ஒருத்தனாவது எட்டிப் பார்க்கவேண்டாமா? ஒருத்தரும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் அவள் கிட்டே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அணைடா நாயே!" என்று சொல்லிக்கொண்டே முன்தகட்டில் கையை வைத்தாள்.

பனிக்கட்டி.

கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். உறைபனி படிந்த தகடு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. ஓடுகிற எஞ்சின் என்றால் தகடு நடுங்கவேண்டும், இது கல்லாய்க் கிடந்தது. காதில் டுக் டுக் டுக் டுக், ஹிக். பின்னால் போய் டார்ச்சை அடித்தாள். புகைக்குழாயின் வாயை மூடியிருந்த பனி கலையாமல் அப்படியே இருந்தது. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. சத்தம் மட்டும் அவள் மார்புக்கு நேராக நின்று ஓடிக்கொண்டிருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிறத்தியாருக்குச் சொல்வது சுலபம். ஓடிவிடத்தான் நினைத்தாள், கால்கள் கேட்டுப் பக்கம் திரும்பியும்விட்டன. ஹிக். ஹிக். விக்கல் இப்போது அடுக்கடுக்காக வந்தது. ஏதோ ஒன்று அவளைப் போகவிடமாட்டேன் என்றது.

திரை இழுத்த கதவை அவள் தட்டினாள். கம்பால் இடித்தாள். "தம்பி! டேய், எழுந்திருடா!" ஜன்னலில் டார்ச்சை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியின் உள்பக்கத்தில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. திரையின் இடுக்கில் நீலமாக ஏதோ எரிந்தது. சமைக்க வைத்திருந்த குட்டி கேஸ் அடுப்பு! குளிர் தாங்காமல் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு அதைப் பற்றவைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான், உள்ளே இருந்த காற்றெல்லாம் நஞ்சாகியிருக்கும்.

ஒரே அடி. கண்ணாடி உடைந்தது. கையை விட்டுத் தாழைத் திறந்து, அடுப்பை எட்டி உதைத்து, அவன் காலைப் பிடித்து இழுத்துப் பனியில் போட்டாள். உடம்பு துணி மூட்டையாக விழுந்தது. "என்னைப் பெத்தவளே, போயிட்டானே!" என்று அவள் போட்ட கூச்சலில்தான் பேட்டை விழித்தது. கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். அவன் மார்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. ஹிக் என்று விக்கி, மூச்சு உள்ளே போனது.

அந்த நொடியில் எஞ்சின் சத்தம் நின்றது.

டிரைவர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "எஞ்சின் சத்தத்துக்கு ஒருத்தனும் எழுந்திரிக்கலையாப்பா?" என்று கேட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்த எஞ்சின்க்கா? நீ கத்தினதுதான் கேட்டுச்சு."

விடியும்போது தம்பி கண் திறந்தான். முதல் பேச்சே, "அக்கா, நான் வண்டியை ஓட்டலக்கா" என்பதுதான். அவள் அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பேட்டைக்குத் திரும்பியபோது மெக்கானிக் விக்கல் வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். டீசல் குழாயில் மெழுகாக உறைந்து நின்றது, பேட்டரியில் பொட்டு உயிர் இல்லை. "ராத்திரி இதை அந்தக் கடவுளே வந்து முறுக்கியிருந்தாலும் ஸ்டார்ட் ஆகியிருக்காது" என்றார்.

அந்த நேரம் பார்த்து நகராட்சி அதிகாரியோடு மதில்காரர் வந்தார். தூக்கம் கெட்ட கண்கள் சிவந்து கிடந்தன.

"ராத்திரி பூரா ஒரு லாரி ஓடுச்சு சார். என் தலைமாட்டுல நின்னு ஓடின மாதிரி. டுக் டுக் டுக்னு போகும், நடுவுல..." பெரியவர் தொண்டையைச் சுருக்கி, "ஹிக்" என்று செய்து காட்டினார்.

டிரைவர்கள் விக்கல் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக்தான் முதலில் சுதாரித்தார். "ஐயா, அந்த வண்டி உறைஞ்சு கிடக்கு. ஓடியிருக்க வழியே இல்ல. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன், எந்த ஆபீஸ்லயும் வந்து சொல்றேன்." டிரைவர்களுக்கு உயிர் வந்தது. "அக்கா, தப்பிச்சோம்! அபராதம் நிக்காது!"

சேதி கேட்டு ஓடிவந்திருந்த முதலாளியின் முகத்திலும் தெம்பு திரும்பியது. அதிகாரி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "காவல் நீங்கதானே? நீங்க சொல்லுங்கம்மா. ஓடுச்சா, ஓடலையா?"

ஓடவில்லை என்று ஒரு வார்த்தை போதும். வேலை இருக்கும், அறை இருக்கும். அறை வாசலில் பள்ளிக்கூடப் பையோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு போய் வண்டியின் முன்தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். பச்சைத்தண்ணீராய்க் குளிர்ந்துதான் கிடந்தது.

"ஓடுச்சு சார்" என்றாள். "என் தம்பிக்கு மூச்சு திரும்புற வரைக்கும் ஓடுச்சு. நான் கேட்டேன். ஓடலன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும்."

"அக்கா!" என்று பதறினார் ஒரு டிரைவர்.

அவள் கையை எடுக்காமலே அதிகாரியிடம் கேட்டாள். "அபராதத்தை என் பேருலயே எழுதுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"