கண்ணாத்தாள் பார்த்த விமானம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம், தை மாதம், மல்லசமுத்திரத்துக்கு மேற்கே கடலை பிடுங்கிய காட்டில் ஒரு பட்டாளத்து விமானம் வந்து விழுந்தது. ஓட்டி வந்த வெள்ளைக்காரன் நெற்றியில் சின்னக் காயத்தோடு இறங்கி, வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அதற்குள் ஊர் முழுக்கத் திரண்டுவிட்டது. ஒருவர் தேங்காய் உடைத்தார். இன்னொருவர் விமானத்தின் மூக்குக்குக் குங்குமம் வைக்கப் போய்ச் சூடு தாளாமல் விரலை உதறினார். மணியக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் பார்த்த கண்ணாத்தாளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இந்த ஊர் எதைக் கண்டாலும் கும்பிடும், இல்லையென்றால் கல்லால் அடிக்கும், மூன்றாவதாக ஒன்று இதற்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே பட்டாளத்தார் வந்து சுற்றிலும் கயிறு கட்டி ஊரை விரட்டினார்கள். காவல் இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலையை மணியக்காரர் கண்ணாத்தாளுக்குக் கொடுத்தார். வாயைப் பிளந்துகொண்டு நிற்காதவள் என்று அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. மூன்று நாள், குடத்தோடு அவள் கயிற்றுக்கு உள்ளே போய் வந்தாள். இடது பக்கச் சக்கரம் மட்டும் இறங்கியிருந்ததால் விமானம் வலது பக்கம் சாய்ந்து, வலது இறக்கையின் நுனி மண்ணில் குத்தி நசுங்கிக் கிடந்தது. தூக்கிக்கொண்டிருந்த இடது இறக்கையின் நிழலில்தான் சிப்பாய்கள் சீட்டாடினார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவர்கள் குடித்து முடிக்கும்வரை அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நான்காம் நாள் இறக்கைகளைக் கழற்றி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் புருஷன் சென்றாயன் கயிற்றுக்கு வெளியே நின்றவன். தகர வேலைக்காரன். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சாலில் ஓட்டை விழுந்தால் அடைப்பான், புனல் செய்வான், தானியம் அளக்கும் படி செய்வான். ஆனாலும் சந்தைக்குப் போன இடத்தில், அந்த விமானத்தை ஆணி பிசகாமல் தகரத்தில் செய்து காட்டுகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து கரித்துண்டால் தரையில் படம் போட்டான். கண்ணாத்தாள் ராகி அரைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, றெக்கையத் தலைக்கு மேல போட்டிருக்கறீங்க, ஊட்டுக்குப் பந்தலு போடறீங்களா?"

அவன் தான் பார்த்ததாகவே சாதித்தான்.

"நீங்க வாயில பாத்தீங்க, நான் கண்ணுல பாத்தேன். றெக்கை வவுத்துக்கு அடியில இருந்துச்சு. அதுக்குக் கீழ குனிஞ்சு போனவ நானு."

அவன் காலால் படத்தை அழித்தான். மறுபடி போட்டான். மறுபடி அவள் குறை சொன்னாள். வால் அவ்வளவு கட்டை இல்லை. கண்ணாடிக் கூண்டு அத்தனை முன்னால் இல்லை. இறக்கையின் அடியில், சக்கரம் மடங்கிப் படுக்க ஒரு குழி இருந்தது, அது இவருக்கு எங்கே தெரியப் போகிறது. இப்படியே எட்டு மாதம் போயிற்று. வேலை இல்லாத பொழுதெல்லாம் சென்றாயன் அந்தத் தகரத்தோடு கிடந்தான். கண்ணாத்தாள் எட்டு மாதமும் அவனைத் திட்டினாள்.

தகரத்துக்குப் பஞ்சமான காலம். துருப்பிடித்த மண்ணெண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டி உடம்பு செய்தான். குடைக்கம்பி உள்ளே விலா எலும்பானது. உடைந்த லாந்தர் சிம்னியின் வளைவு கண்ணாடிக் கூண்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தேய்ந்த டயர்ச் செருப்பை வட்டமாக அறுத்துச் சக்கரம் வைத்தான். ஓட்டை விழுந்த அலுமினியப் போசிப் பாத்திரம் ஒன்றைக் கண்ணாத்தாளே அவன் முன்னால் வீசி எறிந்தாள். எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. அதிலிருந்து மூக்கு வந்தது. உடம்பெல்லாம் வரிசை வரிசையாகத் தெரிந்த ஆணித் தலைகளுக்காக, தகரத்தின் உட்பக்கம் ஆணி முனையை வைத்து மெல்லத் தட்டினான். ஒரு வரிசை கோணியதென்று அவள் சொன்னதற்காக ஒரு பக்கத் தகரத்தையே பிரித்துப் போட்டான்.

செய்து முடித்தபோது அது ஒரு கை நீளம் இருந்தது. விழுந்த விமானம் எப்படி நின்றதோ அப்படியே ஒற்றைச் சக்கரத்தில் வலது பக்கம் சாய்ந்து நின்றது. முன்பக்கத்து விசிறியின் மூன்று இலைகளில் ஒன்று நிமிர்ந்திருக்க, தரையில் அடிபட்ட மற்ற இரண்டும் பின்னோக்கி மடிந்திருந்தன. அந்த மடிப்பு எவ்வளவு என்பதைக் கண்ணாத்தாள்தான் தன் உள்ளங்கையை வளைத்துக் காட்டினாள்.

ஊர் வந்து பார்த்து, நொண்டி விமானம் என்று சிரித்தது. மணியக்காரர் சிரிக்கவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் யுத்த நிதிக்காக ஒரு கண்காட்சி நடக்கப் போகிறது, இதைக் கொண்டுபோனால் தன் கிராமத்துக்குப் பெயர் என்று கணக்குப் போட்டார். கரியில் ஓடுகிற பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் அதை மடியில் வைத்துக்கொண்டு சேலம் போனார்கள். முன் ஸீட்டில் மணியக்காரர், அதே கோட்டோடு.

கண்காட்சி ஒரு சத்திரத்தில். பரிசு கொடுக்கும் பொறுப்பு ஒரு சித்திர வாத்தியாரிடம் இருந்தது. பக்கத்து மேஜையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் ஆசாரியை வைத்துச் செய்த மர விமானம். ஐந்து வர்ணம், அன்னப்பட்சியின் அலகு, இறக்கையில் ஜரிகைத் தொங்கல். பறக்கும் என்று சொன்னால் அந்த மரமே வெட்கப்படும் என்று தோன்றியது கண்ணாத்தாளுக்கு.

வாத்தியார் சென்றாயனுடைய விமானத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். வேலைப்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால் விசிறி கோணல், ஒரு சக்கரத்தைக் காணோம், இறக்கை நசுங்கிவிட்டது, பஸ்ஸில் அடிபட்டதோ என்று கேட்டார். விழுந்தபோது அப்படித்தான் நின்றது என்று சென்றாயன் கைகட்டிச் சொன்னான்.

"விழுந்த விமானத்தையா யுத்த நிதிக்கு வைப்பது? ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு மணி நேரம் தருகிறேன். நிமிர்த்திவிடு, மெடல் உண்டு."

அதுவரை தூணோரம் நின்றிருந்த கண்ணாத்தாள் முன்னால் வந்தாள்.

"சாமி, நீங்க ஒரு விமானத்துக்குப் பக்கத்துல நின்னு பாத்திருக்கறீங்களா?"

படத்தில் நிறையப் பார்த்திருப்பதாக அவர் மணியக்காரரிடம் சொன்னார், அவளிடம் அல்ல. அந்த அம்மாளைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். மணியக்காரர் கண்ணைக் காட்டினார். கண்ணாத்தாள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே பையிலிருந்து தகரம் வளைக்கும் குறட்டை எடுத்துக்கொண்டிருந்தான்.

வெளியே மளிகைக் கடை வாசலில் மிளகாய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அந்த நெடியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தும்மல் வந்தது, எழுந்து போகவில்லை. வெயில் சாயும் நேரத்தில் சென்றாயன் சட்டையில் மெடலோடு வந்தான். உள்ளங்கை அகலத்தில் மஞ்சளாக மின்னியது. இரண்டாம் பரிசு. முதல் பரிசு அன்னப்பட்சிக்கு.

"ரெண்டாவதுக்குத்தானுங்களா?" என்றாள்.

வீட்டில் விமானம் இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்து நின்றது. புதிய சக்கரத்தை வாத்தியாரே எங்கிருந்தோ ஒரு மரப் பொத்தான் கொடுத்துச் செய்யச் சொன்னாராம். சென்றாயன் இரண்டு நாள் அதைப் பார்க்காதவன் போல நடமாடினான். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. திட்டு வாங்கியே பழகியவனுக்கு அது தாங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவனாகவே பொத்தானைப் பிடுங்கி எறிந்தான். இறக்கை நுனியைத் திரும்ப நசுக்கினான். விசிறியின் முதல் இலை பழைய மடிப்புக்கு வந்தது. இரண்டாவதை வளைக்கும்போது, நிமிர்த்தி மடக்கிச் சலித்துப்போன தகரம் அடியோடு ஒடிந்து கையில் வந்தது.

அவன் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டில் ஒரு துண்டுத் தகரம் மிச்சமில்லை. கண்ணாத்தாள் சுவரில் தொங்கிய மெடலைக் கழற்றி வந்து, கல்லில் ஒரு தேய் தேய்த்தாள். மஞ்சள் பூச்சு உரிந்து வெள்ளை தெரிந்தது.

"தகரந்தானுங்க. வெட்டுங்க."

"மணியக்காரரு கேப்பாருடி" என்றான்.

"கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்."

அவன் கத்திரியை எடுத்தான். இலையை வெட்டி, தேய்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தான். எவ்வளவு மடிக்க வேண்டும் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவள் குறட்டை வாங்கித் தானே மடித்தாள்.

பத்து நாள் கழித்து மணியக்காரர் வந்தார். தாசில்தார் வரப் போகிறார், மெடலைக் காட்ட வேண்டும் என்றார். சென்றாயன் தலையைச் சொறிந்தான். கண்ணாத்தாள் விசிறியின் அந்த இலையைத் தொட்டுக் காட்டினாள். மணியக்காரருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் பேசிய பேச்சு தெருக்கோடி வரை கேட்டது. சர்க்காரை அவமதித்தவர்கள் என்றார், இனி தன் காட்டுச் சால் ஒன்றுகூட இந்த வீட்டுக்கு வராது என்றார். அவர் சொன்னபடியே வரவில்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் போய்ச் சென்றாயன் வேலை தேடிக்கொண்டான்.

அன்று மணியக்காரர் போன பிறகு சென்றாயன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது நன்றாயிருக்கிறது என்று சொல்வாள் என எதிர்பார்த்தவன் அவன். அவள் விமானத்தின் வாலுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க ஒரு சின்னச் சக்கரம் இருந்துச்சுங்க" என்றாள். "நானே மறந்து போயிட்டேன்."

சென்றாயன் டயர்ச் செருப்பின் மிச்சத்தைத் தேடப் போனான்.