தவராசாவுக்குப் பின்னால் போகும் புகை

விசுவமடுத் தவராசா எங்கே போனாலும் அவருக்கு இரண்டு முழம் பின்னால் ஒரு புகையும் போகும். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அது கலையாது. அவர் நின்றால் நிற்கும், நடந்தால் நடக்கும். முதல் வருசம் முழுக்க அது மண்ணெண்ணெய் மணத்தது.

அது அவரைப் பிடித்தது இப்படித்தான், பிள்ளையள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கௌசலா ரீச்சர் குருளைச் சாரணர் தொடங்கினபோது, ஏழெட்டு வயதுப் பெடியள் தனியே வரக்கூடாது, தாயோ தகப்பனோ கூட வந்து அதே கழுத்துப்பட்டியைக் கட்டி அதே சத்தியத்தைச் சொல்ல வேணும் என்று சொல்லிவிட்டா. உழவு மிசின் ஓட்டுகிற தவராசாவுக்குத் தலைகால் தெரியாத புளுகம். மகன் யதுர்ஷனைப் பொறுத்தவரை அப்பாவால் முடியாத காரியம் உலகத்தில் இல்லை. அவனைச் சைக்கிள் பாரில் இருத்தி முதல் சாரணர் பாசறைக்குப் போகிற வழியெல்லாம், "கொட்டுற மழைக்குள்ளயே நெருப்பு மூட்டினவனடா நான்" என்று அளந்துகொண்டு போனார். அன்றைக்கென்று மழையும் பெய்து விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. ஒவ்வொரு சோடியும் இரண்டே நெருப்புக்குச்சியில் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைக்க வேணும். மற்றவர்களின் குச்சிகள் புஸ்ஸென்று போய்க்கொண்டிருக்க, தவராசா மகனைத் தண்ணி அள்ள அனுப்பிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சோடாப் போத்தலைத் திறந்து விறகில் மண்ணெண்ணெயை ஊற்றிக் குச்சியைத் தட்டினார். நெருப்பு பனையளவுக்கு எழும்பியது. ரீச்சர் இரண்டு பேருக்கும் சின்னம் குத்திவிட்டா. ஆனால் பெடியன் வாளியோடு பாதி வழியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். திரும்பி வரும்போது சின்னத்தைக் கழற்றித் தகப்பனின் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு நடந்தான். சைக்கிளுக்குப் பின்னால் புகைதான் வந்தது.

மனுசி சிவரூபி குசினி வாசலில் மறித்து, "உந்தப் புகையைப் படலைக்கு வெளியில விட்டிட்டு வாங்கோ" என்றா. அது கேட்கவில்லை. டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, "உள்ள ஒண்டுமில்லை, ஐயா. எல்லாம் வெளியிலதான்" என்று பனடோல் கொடுத்தார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் சனம் தூபம் வருகுதென்று கும்பிட்டு வழிவிட்டது, மணத்தைப் பிடித்த பிறகு ஏசியது. மாரி வந்து நுளம்பு பெருகினதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. புகை இருக்கிற வீட்டில் நுளம்பு வந்து கடிக்காதே. பின்னேரமானால் அயலட்டை முழுக்க, "தவராசாண்ணை, எங்கட வீட்டையும் ஒருக்கா வந்து இருந்திட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டது. எந்த வீட்டிலும் அவருக்குக் கதிரை இருந்தது. சைக்கிள் பார்தான் வெறுமையாய்க் கிடந்தது. யதுர்ஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனான். தகப்பன் எதைக் கேட்டாலும் ஓம், இல்லை, அவ்வளவுதான் கதை.

அடுத்த வருசப் பாசறைக்கும் மழை பெய்தது. "தவராசாண்ணை இருக்கேக்க எங்களுக்கென்ன பயம்" என்று ரீச்சர் குச்சிகளை நீட்டினா. முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மகன் பார்த்துக்கொண்டு நின்றான். தவராசா எழும்பிக் கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டு, "ரீச்சர், எனக்கு ஈர விறகு மூட்டத் தெரியாது. போனமுறை மண்ணெண்ணெய் ஊத்தினனான்" என்று சொல்லி இரண்டு சின்னத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

"அது மணத்திலயே ஊருக்குத் தெரியுமண்ணை" என்றா ரீச்சர். "நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

அன்றைக்குத் தகப்பனும் மகனும் பக்கத்து அடுப்பில் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார்கள். வெளிக்கிடும்போது யதுர்ஷன் தானாகவே வந்து பாரில் ஏறி இருந்து மணியை அடித்தான். கொஞ்சத் தூரம் போனதும், "மெல்ல ஓடுங்கோ அப்பா, அது பாவம், பின்னால ஓடி வருது" என்றான். தவராசா பிரேக் பிடித்தார். புகை வந்து கரியரில் ஏறி இருந்தது. இப்போது அதில் பாலை விறகின் மணம் மட்டுந்தான்.

இன்றைக்கும் அவர்கள் அப்படித்தான் போய்வருகிறார்கள். வழியில் யாராவது சாமான் மூட்டையை ஏற்றச் சொல்லிக் கேட்டால், "கரியரில ஆள் இருக்கு" என்பார் தவராசா. கேட்டவர்களும் ஓமென்று அடுத்த சைக்கிளைப் பார்ப்பார்கள்.