விடாத பிடி

என் கூடப்பிறந்த இரண்டு எருமைகளுக்கும் வாயால் சண்டை போடத் தெரியாது. பழைய வண்டிகளை உடைத்து இரும்பு விற்கும் எங்கள் பட்டறையில், எதற்கெடுத்தாலும் கைதான் பேசும். தம்பி ஒல்லி, அண்ணனோடு நேருக்கு நேர் நின்றால் எலும்பு மிஞ்சாது. அதனால் சின்ன வயதிலிருந்தே அவனிடம் ஒரு தந்திரம் உண்டு. அடி பலமாக விழுந்தால் வலது கையைச் செத்தது போலத் தொங்கவிட்டு, வாயைக் கோணிக்கொண்டு சரிவான். அண்ணன் பதறிப்போய்க் குனிந்ததும் அதே கையால் மூக்கில் ஒரு குத்து விடுவான். அண்ணனின் மூக்கு கோணலாக இருப்பது அவன் உபயம்.

அன்று தம்பி ஒரு காரின் பெட்ரோல் டேங்கைக் காலி செய்யாமலே "ஆச்சு" என்று சொல்லிவிட்டான். அதை நம்பி அண்ணன் கேஸ் கட்டரை வைத்தான். குப்பென்று எழுந்த தீ அவன் புருவத்தைக் கருக்கியது. தீயை மண் போட்டு அணைத்த கையோடு நேராகத் தம்பியிடம் போனான். முதல் அடியில் தம்பியின் உதடு கிழிந்தது. அடுத்தது கழுத்தில் விழுந்தது. அடுக்கியிருந்த கார்க் கதவுகளின் மேல் அவன் மோத, அத்தனையும் சரிந்தன. தம்பியும் சும்மா இல்லை. கையில் கிடைத்த சைலன்சரால் அண்ணன் முழங்காலைப் பதம் பார்த்தான்.

திடீரென்று அவன் வலது கை தொங்கியது. வாய் கோணியது. சரிந்தான்.

"வந்துட்டாருய்யா நடிகர்," என்றான் அண்ணன். "இந்த வாட்டி ஏமாற மாட்டேன்டா."

மார்பில் ஏறி உட்கார்ந்து, அந்தக் கையை முழங்காலால் தரையோடு அழுத்திக்கொண்டு அறைந்தான். "ஆச்சுன்னு சொன்ன வாயால மன்னிப்புக் கேளு. கேக்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

தம்பி ஏதோ குழறினான். அதுவும் நடிப்புதான் என்று அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எடை மேடையில் இருந்த நானும் முதலில் சிரித்தேன். தம்பியின் கால்சட்டை நனைவதைப் பார்த்ததும் இறங்கி ஓடினேன்.

"அண்ணா, எந்திரி. அவன் நடிக்கல."

காதில் ஏறவில்லை. ஜாக்கிக் கம்பியை எடுத்து அண்ணனின் இடது தோளில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அப்போதுதான் இறங்கினான். எனக்குத் துளியும் வருத்தமில்லை.

தம்பியின் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு அதை உருவி எடுத்தார்கள்.

"அப்போ கை வந்துடும்ல, டாக்டர்?" என்று அண்ணன் கேட்டான்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "பெரிய குழாய் திறந்துடுச்சு. அதுக்கு அப்பால முடிய விட மெல்லிசா கணக்கில்லாத குழாய் இருக்கு. ஒவ்வொண்ணையும் குட்டிக் குட்டி செல்லுங்க கட்டிப் பிடிச்சிருக்கும். ரத்தம் வராம நேரமாச்சுன்னா அதுங்க பிடிய இறுக்கிடும். இறுக்கின பிடியிலயே செத்தும் போயிடும். அப்புறம் விடாது. இப்ப ரத்தம் வாசல் வரைக்கும் வந்துடுச்சு, உள்ள போக முடியல."

"நான் அடிச்சதாலயா?"

"கழுத்துல பட்ட அடியால கட்டி வந்திருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா விழுந்த உடனே கொண்டு வந்திருந்தா நிறைய குழாய் தப்பிச்சிருக்கும்."

அண்ணன் வராந்தாவுக்குப் போய் வலது கையால் சுவரைக் குத்தினான். விரல் முட்டிகளின் தோல் உரிந்து சுவரெல்லாம் சிவப்பாகும் வரை குத்தினான். தடுக்க ஓடிவந்த காவலாளியிடம், "விடுங்க, குத்தட்டும்," என்றேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

தம்பி கண் விழித்தபோது பேச்சு வரவில்லை. வலது கை கட்டிலில் கிடந்தது. அண்ணன் அவன் மேல் குனிந்து, அந்தக் கோணல் மூக்கைத் தம்பியின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனான்.

"அடிடா. குனிஞ்சுட்டேன்ல. அடி."

கை அசையவில்லை. அண்ணன் நிமிராமல் காத்திருந்தான். தம்பி அவனையே வெகுநேரம் பார்த்தான். பிறகு இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, அண்ணன் முகத்தின் மேல் போட்டான். அது வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடியும் தூக்கிப் போட்டான்.